நான் வெட்டிய நாலு வரி

சென்ற மாதம் என் பழைய அலுவலகத்தில் தேநீர் விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவர்களை ஆண்டுக்கு ஒரு முறை அழைத்து, மீ கோரெங் நூடுல்ஸ் கொடுத்து, படம் பிடித்து அனுப்பி வைப்பது அங்கே வழக்கம். புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு பெண் எனக்குப் புதுக் கணினியைக் காட்டினாள். சட்டமன்றத்தில் ஒருவர் வாயைத் திறந்ததும் அது தானாகவே எழுதிக்கொண்டு போகிறது.

"இப்ப எல்லாம் இதுவே எழுதிடுதுக்கா. கூட்டமும் லைவ்வா போவுது. முன்ன நீங்கெல்லாம் உக்காந்து கையால எழுதுவீங்களாமே, போரடிக்காதா லா?" என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. தட்டைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு ஆட்சிக்குழு உறுப்பினரை எந்திரிச்சு நின்னு மன்னிப்புக் கேக்க வச்ச நோட்டுப் புத்தகத்தப் பத்தித் தெரியுமா ஒனக்கு?" என்றேன். அவளுக்குத் தெரியவில்லை. அங்கிருந்த யாருக்குமே தெரியவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். பெருமைப்படுகிறேன்தான். அந்தப் பெருமைக்குள் என் தப்பும் ஒன்று இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

என் பெயர் ஜெசிந்தா. கோப்பெங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன். அப்பா வார நாட்களில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தார், ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து மாதா கோயிலில் மணி அடித்தார். பள்ளி முடித்ததும் ஈப்போவில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் தட்டச்சும் சுருக்கெழுத்தும் படித்தேன். கோலா கங்சாரில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் சில வருடம் கடிதம் தட்டினேன். பிறகு மாற்றலாகி ஈப்போ சட்டமன்றத்தில் அறிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தவள், ஓய்வு பெறும்வரை அதைவிட்டு எழுந்திருக்கவில்லை.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். சபாநாயகரின் மேடைக்குக் கீழே ஒரு சின்ன மேசை. அதில் இருவர் உட்கார்ந்திருப்போம். ஒருவருக்குப் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் யார் என்ன பேசினாலும், குறுக்கே யார் கத்தினாலும், மன்றம் சிரித்தாலும் எல்லாம் சுருக்கெழுத்தில் நோட்டில் ஏற வேண்டும். நேரம் முடிந்ததும் பக்கத்தில் இருப்பவர் பென்சிலால் மேசையில் ஒரு தட்டு தட்டுவார். அவர் எழுத ஆரம்பித்ததும் நான் சத்தமில்லாமல் எழுந்து பின்னறைக்குப் போய், ஒலிப்பதிவைக் காதில் மாட்டிக்கொண்டு, நோட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்வேன். தட்டி முடிப்பதற்குள் அடுத்த முறை வந்துவிடும்.

அப்படித் தட்டியது முதல் படி. அது பழுப்பு உறையில் பேசியவருக்கே போகும். அவர் ஏழு நாளுக்குள் சிவப்பு மையில் திருத்தித் தரலாம். வாய் தவறி வந்த ஊர்ப் பெயரைத் திருத்தலாம், சொன்னதன் அர்த்தத்தை மாற்றக் கூடாது. அதன் பிறகு அச்சு. அச்சானால் அதுதான் ஹன்சார்ட், மன்றத்தின் அதிகாரபூர்வ அறிக்கை. யார் என்ன சொன்னார் என்று பின்னால் சண்டை வந்தால் சபாநாயகர் அதைத்தான் புரட்டிப் பார்ப்பார்.

சிவப்பு மையில் நான் பார்த்த கூத்து கொஞ்சநஞ்சமில்லை. ஒரு உறுப்பினர், வீட்டுக்குப் போய்க் குளிக்கும்போது தோன்றிய பதிலையெல்லாம் மன்றத்திலேயே சொன்னதுபோல் எழுதி அனுப்புவார். இன்னொருவர், தன் பேச்சுக்கு இரண்டு பேர் கைதட்டியதைப் 'பலத்த கரவொலி' என்று மாற்றச் சொல்லி நச்சரிப்பார். மூன்றாமவர் எதிரணிக்காரரை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு, அந்த வரியை எடுத்துவிடச் சொல்லி ஒரு பெட்டி தம்புன் பம்பளிமாஸோடு என் மேசைக்கே வந்துவிட்டார். பெட்டியை என்ன செய்வதென்று என் மேலதிகாரி அம்பலவாணரிடம் ஓடினேன்.

"பழத்தைத் திருப்பிக் குடும், வரியை வச்சிரும். மாறிச் செய்து போடாதையும்" என்றார் அவர், சிரிக்காமல்.

அம்பலவாணர் எங்கள் பிரிவுத் தலைவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், தாத்தா காலத்தில் ரயில்வே வேலைக்கு வந்தவர்கள். என்னைவிடப் பத்து வயதுதான் மூத்தவர், ஆனால் எனக்கு நாற்பத்தெட்டு வயதானபோதும் அவருக்கு நான் 'பிள்ளை'தான். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. எங்கள் பக்கங்களை உட்கார்ந்து படிக்க மாட்டார். ஜன்னல் ஓரமாக நின்று, உதடு அசையப் படிப்பார். தப்பு எது என்று சொல்ல மாட்டார். வரிக்கு நேரே ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். ஒரு புள்ளி என்றால் மறுபடி பார் என்று அர்த்தம். இரண்டு புள்ளி என்றால் நோட்டோடு என்னிடம் வா. புள்ளி இல்லாத பக்கத்தின் அடியில் தன் இனிஷியலைப் போடுவார். ஒரு புள்ளி வாங்கினாலே அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. எங்கள் பிரிவிலேயே என் பக்கங்கள்தான் சுத்தம் என்று எனக்குள் ஒரு கர்வம் இருந்தது.

சுத்தம் என்று சொன்னேன். பேசுகிறவர் ஒன்றையே மூன்று தடவை சொன்னால் ஒரு தடவை எழுதினால் போதும் என்று விதி இடம் கொடுத்தது. வாய்ப்பழக்கமாக வரும் சொற்களையும் எடுத்துவிடலாம். அங்கேதான் நான் வழுக்கினேன்.

அப்போது ஆட்சிக்குழுவில் ஒருவர் இருந்தார். ஆட்சிக்குழு உறுப்பினர் என்றால் மாநில அளவில் அமைச்சர் மாதிரி. பெயரைச் சொல்லப் போவதில்லை, அவர் பிள்ளைகுட்டிகள் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். நாங்கள் எல்லா உறுப்பினர்களையும் கூப்பிடுவதுபோல் வைபி, அதாவது மாண்புமிகு, என்றே எழுதுகிறேன். நல்ல பேச்சாளர். எந்தக் கேள்வி வந்தாலும் அதிகாரிகள் எழுதிக் கொடுத்த பதிலைப் படித்துவிட்டு, 'நானே நேரில் இறங்கிப் போய்ப் பார்த்தேன்' என்று சேர்த்துக்கொள்வார். அப்படிப் போய்ப் பார்ப்பதற்கு மலாயில் 'துருன் பாடாங்' என்பார்கள். பாலம், பள்ளிக்கூடம், சாக்கடை எல்லாவற்றுக்கும் அவர் துருன் பாடாங் செய்திருப்பார். எங்கள் அறையில் அவருக்கு அதுவே பட்டப்பெயர். வாய்ப்பழக்கம்தானே என்று நாங்கள் எல்லோரும் அந்த வரியை வெட்டிவிடுவோம். அவரும் ஒரு நாளும் கேட்டதில்லை.

செமோருக்கு அந்தப் பக்கம் பதினோராங்கட்டைத் தோட்டம் என்று ஒன்று. தோட்டம் என்று பெயர்தான். ரப்பர் மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை போட்டுப் பல வருடமாயிற்று. வரிசையாகக் கட்டிய பழைய லயத்து வீடுகளில் முப்பது குடும்பங்கள் மட்டும் மிச்சம். அவர்களுக்குக் கிணற்றுத் தண்ணீர்தான், அதுவும் தேநீர் நிறத்தில். குழாய் போட்டுத் தருவதாக அரசாங்கம் சொல்லியிருந்தது. அது என்ன ஆயிற்று என்று அந்தத் தொகுதி உறுப்பினர், ஒரு சீனப் பெண்மணி, மன்றத்தில் கேட்டார். வைபி, அதிகாரிகள் எழுதிக் கொடுத்ததைப் படித்தார்: வேலை முடிந்தது, எல்லா வீட்டுக்கும் தண்ணீர் போகிறது. "நிச்சயமாகவா?" என்று அந்த அம்மாள் விடாமல் கேட்டார். வைபி தாளை மடித்து வைத்துவிட்டு மலாயில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்:

"நானே நேரில் இறங்கிப் போய்ப் பார்த்தேன். போன வாரம்தான். கோயில் பக்கத்துக் குழாயைத் திறந்து முகம்கூடக் கழுவினேன். உறுப்பினருக்குச் சந்தேகம் இருந்தால் துண்டோடு போய் வரட்டும்."

மன்றம் சிரித்தது. அது என் பத்து நிமிடம். எல்லாம் நோட்டில் ஏறியது, அந்தச் சிரிப்பு உட்பட.

அன்றைக்கு என் சக அறிக்கையாளர் சல்மா விடுப்பு. அவள் முறையையும் சேர்த்து நான் ஒருத்தியே பார்த்தேன். தட்டச்சு செய்யும்போது 'நானே நேரில்' என்று கண்ணில் பட்டதும் கை பழக்கத்தில் அந்த நாலு வரியையும் தாண்டிவிட்டது. முகம் கழுவியதும் துண்டும் அறிக்கைக்கு எதற்கு என்று நினைத்ததுகூட ஞாபகம் இருக்கிறது. எல்லா வீட்டுக்கும் தண்ணீர் போகிறது என்பதோடு முடித்தேன். அம்பலவாணர் புள்ளி வைக்கவில்லை, இனிஷியல் போட்டார். சிவப்பு மையும் வரவில்லை. அறிக்கை அச்சானதும் வழக்கப்படி ஒலிப்பதிவை அழித்துவிட்டார்கள். நோட்டுகள் மட்டும் இரும்பு அலமாரியில் கிடந்தன.

நாலு மாதம் கழித்து மன்றம் மறுபடி கூடியது. மேலே பார்வையாளர் வரிசையில் பதினோராங்கட்டைத் தோட்டத்துப் பெண்கள் போன தடவைபோலவே சேலை கட்டி வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வீட்டுக்கும் தண்ணீர் வரவில்லை, குழாயே பாதி வழியில் நிற்கிறது என்று தொகுதி உறுப்பினர் எழுந்தார். வைபி கொஞ்சமும் அசரவில்லை.

"அதிகாரிகள் எழுதிக் கொடுத்ததைப் படித்தேன். தப்பாக எழுதிய அதிகாரி மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லியிருக்கிறேன்" என்றார்.

"நீங்களே போய் முகம் கழுவியதாகச் சொன்னீர்களே!"

"எங்கே சொன்னேன்? ஹன்சார்டில் காட்டுங்கள்."

சபாநாயகர் அறிக்கையைப் புரட்டினார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னொரு தடவை பார்த்தார். அப்படி ஒரு வார்த்தை இல்லை என்றார். வைபி, குற்றச்சாட்டைத் திரும்பப் பெற வேண்டும் என்றார். அந்த அம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பப் பெற்றார். மேலே இருந்து ஒரு பெண் குரல், "பொய்யி! நாங்க கேட்டோம்!" என்று தமிழில் கத்தியது. காவலர் அவரை வெளியே கூட்டிப் போனார். என் பென்சில் தானாக எழுதிக்கொண்டு போனது.

இடைவேளையில் படிக்கட்டருகே அந்தப் பெண்ணைப் பார்த்தேன். சரோஜா என்று பெயர், என்னைவிட மூத்தவர். அவரே என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"ஏம்மா, கீழ உக்காந்து எழுதிக்கிட்டே இருந்தது நீங்கதான? அன்னிக்கும் நீங்கதான் இருந்தீங்க. கோயில் பக்கத்துல பைப்பத் தொறந்து மூஞ்சி கழுவுனேன்னு அந்தாளு சொல்லல? எங்க கோயிலு ஆத்தோரத்துல இருக்கு, அங்க ஏது பைப்பு? வந்திருந்தாத்தான தெரியும்! நீங்க எழுதலியா?"

"பாக்கறேன்க்கா" என்று மட்டும் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.

அலமாரியைத் திறந்து நோட்டை எடுத்தேன். நாலு வரியும் அப்படியே இருந்தன. அதைப் பார்த்தபோது அழுகை வந்தது, ஆத்திரத்தில் வந்த அழுகை. அந்த ஆளின் பொய்க்கு நானே திரை போட்டிருக்கிறேன். பதிலை எழுதிய அதிகாரி, குழாய் போடும் குத்தகைக்காரர் சொன்னதை நம்பி எழுதியவர். அதற்கு உரிய தண்டனை அவருக்குக் கிடைக்கட்டும். ஆனால் போய்ப் பார்த்தேன் என்று சொன்னது அவர் இல்லையே. இப்போது பழி முழுவதும் அவர் தலையில், பொய் சொன்னவர் வெள்ளை உடுப்போடு வெளியே. நோட்டை எடுத்துக்கொண்டு அம்பலவாணர் அறைக்குப் போனேன்.

அவரும் அதே சுருக்கெழுத்துப் படித்தவர். ஜன்னல் ஓரம் நின்று வாசித்தார்.

"இதை ஆர் வெட்டினது?"

"நான்தான் சேர்."

"ஆரும் வெட்டச் சொன்னவையோ?"

"இல்ல சேர். பழக்கத்துல வெட்டிட்டேன்."

நோட்டை மூடி ஜன்னல் திட்டில் வைத்தார். "உம்மடை பதவி உயர்வுக் கடதாசி நாளைக்கு மேலை போகுது. தெரியும்தானே?"

"தெரியும் சேர்."

"மன்றத்திலை பிழையாச் சொன்ன வைபி, பிழை எண்டு தெரிஞ்ச உடனை எழும்பித் திருத்த வேணும். அது அவைக்கு உள்ள விதி. எங்களுக்கு அப்பிடி ஒண்டும் எழுதி வைக்கேல்லை." திரும்பி என்னைப் பார்த்தார். "எண்டாலும் எழுதித் தாரும் பிள்ளை. நான் கொண்டுபோய்க் குடுக்கிறன். அந்தப் பக்கத்துக்குக் கீழை என்ரை இனிஷியலும் கிடக்குது."

ஒரு பக்கம் எழுதினேன். நான் என்ன கேட்டேன், என்ன எழுதினேன், எதை வெட்டினேன், ஏன் வெட்டினேன். அவர் நின்றபடி படித்தார். புள்ளி வைக்கவில்லை. அன்று மாலைக்குள் அது சபாநாயகரின் மேசைக்குப் போய்விட்டது. சபாநாயகர் விஷயத்தை உரிமைக் குழுவுக்கு அனுப்பினார். மன்றத்தைத் தவறாக வழிநடத்தியவர்களை விசாரிக்கும் உறுப்பினர் குழு அது.

குழுவின் முன்னால் பயந்துகொண்டேதான் உட்கார்ந்தேன். வைபி என்னைப் பார்க்காமல் தலைவரைப் பார்த்துப் பேசினார். "வெட்டத் தெரிந்தவருக்குச் சேர்க்கத் தெரியாதா? நோட்டு நாலு மாதமாக அவர் அலுவலகத்தில்தானே இருக்கிறது? இவரும் தோட்டத்தில் பிறந்தவர். அந்த மக்களுக்குப் பரிந்து இப்போது எழுதியிருக்கலாம்."

அந்தத் தோட்டப் பேச்சு வந்ததும் என் பயமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. "தலைவர் அவர்களே, நான் தோட்டத்தில் பிறந்தவள்தான்" என்றேன். "இத்தனை வருடமாக எல்லாக் கட்சிக்காரர்களின் பேச்சையும் எழுதியிருக்கிறேன். ஒருவருக்கும் ஒரு வார்த்தை கூட்டிக் கொடுத்ததில்லை. ஒருவருக்கு நாலு வரி குறைத்துவிட்டேன், அது இவருக்குத்தான். அது என் தப்பு. அதை ஒப்புக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன். நோட்டை என் கையில் தராதீர்கள். இதைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்."

அம்பலவாணர் எழுந்து அந்தப் பக்கத்தில் தன் இனிஷியலைக் காட்டி, பொறுப்பில் பாதி தன்னுடையது என்றார். பிறகு சல்மாவை வரவழைத்தார்கள். அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து அறையில் நோட்டோடு உட்காரவைத்து, ஒரு காவலரை வாசலில் நிறுத்தி, அந்தப் பத்து நிமிடத்தையும் முழுதாகத் தட்டச் சொன்னார்கள். நோட்டு ஒரே பென்சிலில், ஒரே ஓட்டத்தில், இடைவெளி இல்லாமல் எழுதியது. நடுவில் நாலு வரியைச் செருக ஈ நுழையும் இடம்கூடக் கிடையாது. சல்மா தட்டிக் கொண்டுவந்த தாளைத் தலைவர் சத்தமாகப் படித்தார். கோயில் பக்கத்துக் குழாய் வந்தது. துண்டு வந்தது. அடைப்புக்குறிக்குள் சிரிப்பும் வந்தது. கோயில் பக்கத்தில் குழாயே போடப்படவில்லை என்று தண்ணீர் இலாகாவின் வரைபடம் சொன்னது. வைபியின் முகத்தில் ஈயாடவில்லை.

குழு அவர் மன்றத்தைத் தவறாக வழிநடத்தியதாகத் தீர்மானித்தது. அடுத்த கூட்டத்தில் எழுந்து திருத்தம் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். ஹன்சார்டில் நாலு வரியையும் சேர்க்க வேண்டும். எனக்கும் வரிகளை விட்டதற்காக ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பதவி உயர்வு சல்மாவுக்குப் போனது. அவள் என் தோளில் சாய்ந்து அழ, நான் அவளைத் தேற்ற வேண்டியதாயிற்று. அந்த எச்சரிக்கைக் கடிதம் இன்னும் என் வீட்டு அலமாரியில், பிள்ளைகளின் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. வருகிறவர்கள் ஏதோ விருது என்று நினைத்துக்கொள்கிறார்கள், நானும் மறுப்பதில்லை. அந்தப் புதுக் கணினி ஒரு வரியையும் வெட்டாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தப்பு என்னுடையது என்று அது யார் அறைக்கும் போய் நிற்காது என்பதையும் விருந்தில் கணினி காட்டிய பெண்ணிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

மன்னிப்புக் கேட்கும் நாளன்று முறைப்பட்டியலைப் பார்த்தேன். அந்த நேரத்துப் பத்து நிமிடம் எனக்கே விழுந்திருந்தது. தற்செயலா, அம்பலவாணர் வேலையா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வைபி எழுந்தார். கையில் தாள் இல்லை. "நேற்று நானே நேரில் இறங்கிப் போய்ப் பார்த்தேன்" என்று ஆரம்பித்தார். யாரும் சிரிக்கவில்லை. "கோயில் பக்கத்தில் குழாய் இல்லை. வீடுகளிலும் தண்ணீர் இல்லை. போன தடவை நான் அங்கே போகவே இல்லை. போனதாகச் சொன்னது பொய். மன்னிப்புக் கேட்கிறேன். மன்றத்திடம் மன்னிப்புக் கேட்கிறேன். அந்த மக்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்." மேலே முதல் வரிசையில் சரோஜா அக்கா உட்கார்ந்திருந்தார். அவர் வைபியைப் பார்க்கவில்லை. என் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வார்த்தை விடாமல் தட்டினேன். அம்பலவாணர் ஜன்னல் ஓரம் நின்று படித்து, மன்னிப்பு மூன்று தடவை வந்த இடத்தில் பழக்கத்தில் ஒரு புள்ளி வைத்தார். "மூணு தடவ சொன்னாரு சேர்" என்றேன். அவர் ரப்பரை எடுத்துப் புள்ளியை அழித்துவிட்டு இனிஷியல் போட்டார். பழுப்பு உறை வைபிக்குப் போய், ஏழாம் நாள் திரும்பி வந்தது. சிவப்பு மை ஒரு துளியும் இல்லை. கையெழுத்து மட்டும் இருந்தது.

சில மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை சரோஜா அக்கா அலுவலகத்துக்குப் போன் செய்தார். "தண்ணி வந்திருச்சும்மா. எல்லா வீட்டுக்கும் வந்திருச்சு. கோயில் பக்கத்துலயும் ஒரு பைப்பு வச்சிட்டாங்க. நீங்க ஒரு தடவ வந்துட்டுப் போங்க லா."

மறுநாள் பூசை முடிந்ததும் துண்டோடு போனேன்.